படிக்காத தாளில் கடலை மடிக்காதே

என் மூத்த மகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று டீச்சர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மரியாதைக் குறைவாகச் சிரிக்கவில்லை. வேறு யாருடைய பிள்ளையையோ மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், நீங்க என் சின்னவளைச் சொல்லுதீங்களோ?"

"இல்லம்மா. சின்னவ நாலாம் வகுப்புதானே? அவ காத்து மாதிரி வாசிக்கா. நான் சொல்லுதது அஞ்சாம் வகுப்புக்காரியை."

"பெரியவளா? எங்க வீட்டு ஜெபத்துல அவ வேதம் வாசிக்கிறதை நீங்க ஒரு நாள் வந்து கேக்கணும் டீச்சர். ஒரு எழுத்து தடுக்காது."

டீச்சர் அந்த வருஷம்தான் எங்கள் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்தவர்கள். குரலை உயர்த்தத் தெரியாதவர்கள். மேசைமேல் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்து, நிதானமாக விளக்கினார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பக்கத்தை முடிப்பதற்குள் என் மகள் மூன்று வரி தாண்டியிருக்கிறாள். அந்த மூன்று வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "தெரியல டீச்சர்" என்றாளாம். இவ்வளவு நாளும் பாடத்தையெல்லாம் மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றி வந்திருக்கிறாள்.

"அவளுக்கு நல்ல காதும்மா. கண்ணுதான் பழகல," என்றார்கள். "ஹெட்மாஸ்டர் பெரிய சார் ஃபெயில் போடத்தான் சொன்னாங்க. நான்தான் கெஞ்சி நிறுத்தி வச்சிருக்கேன். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு ஒரு புதுப் பக்கத்தைக் குடுப்பாங்க. வாசிச்சு, என்ன வாசிச்சோம்னும் சொல்லிட்டா ஆறாம் வகுப்பு. இல்லேன்னா இன்னொரு வருஷம் அஞ்சு."

என் மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்மா, அப்போ தங்கச்சியும் நானும் ஒரே வகுப்பா?"

அதுதான் அவளுக்குக் கவலை. ஃபெயில் என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு வயது இளையவளோடு ஒரே பெஞ்சில் உட்காருவது என்பதுதான் பட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சின்னவள் கையைத் தட்டிக்கொண்டு, "ஐ! ஒரே பெஞ்சுல இருப்போமாம்மா?" என்று கேட்டு, அக்காவிடம் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் சொன்னதை நான் அன்றைக்கு முழுசாக நம்பவில்லை. நம்ப வைத்தது, அந்த வாரமே சிவகிரியிலிருந்து வந்த என் மதினி. என் வீட்டுக்காரருக்கு அக்கா.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபம். பாயை விரித்து நாலு பேரும் உட்காருவோம். முதலில் வீட்டுக்காரர், பிறகு நான், பிறகு பெரியவள், கடைசியில் சின்னவள். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். இன்றைக்கு எங்கே விட்டோமோ அதற்கடுத்த அதிகாரம் நாளைக்கு. வருஷக்கணக்காக இதுதான் ஒழுங்கு. இந்த ஒழுங்குதான் எங்களை ஏமாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மதினி எனக்கும் பெரியவளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் முதல் வசனம், நான் இரண்டாவது, மதினி மூன்றாவது. அடுத்தது என் மகள். விரலைப் பக்கத்தில் வைத்து, கண்ணைத் தாழ்த்தி, கணீரென்று ஒரு வசனத்தை வாசித்தாள். மதினி இப்போதுதான் வாசித்து முடித்த அதே மூன்றாம் வசனம்.

"ஏட்டி, அதை நான்தானே இப்ப வாசிச்சேன்!" என்றார்கள் மதினி.

என் மகள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்துபோயிற்று. பிறகு நாலாம் வசனத்தில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவ ஆரம்பித்தாள். ஒரு சொல் முடிவதற்குள் பொறுக்க மாட்டாமல் சின்னவள் அந்த வசனத்தையும் அதற்கடுத்ததையும் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளினாள். ஜெபம் 'ஆமென்' வரை வந்து முடிந்தது. பிறகு மதினிதான், "போகட்டும் விடு. ரெண்டு தரம் வாசிச்சா ரெட்டிப்பு ஆசீர்வாதம்," என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார்கள்.

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. நாலு பேர் உட்காருகிறோம், இவள் மூன்றாவது ஆள். ஆகவே மூன்று, ஏழு, பதினொன்று, பதினைந்து இவளுடைய வசனங்கள். மத்தியானமே தங்கையை அடுப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அந்த வசனங்களை மட்டும் வாசிக்கச் சொல்லிக் காதில் ஏற்றிக்கொள்வாள். தங்கைக்குக் கூலி, வசனத்துக்கு ஒரு கடலைமிட்டாய்.

"பெரிய வசனம்னா ரெண்டு," என்று சின்னவள் சேர்த்துச் சொன்னாள். அந்த வருஷம் பூராவும் அவளுக்கு ஏன் பல் வலித்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்குகிற பிள்ளை. பெண்கள் கூட்டத்தில் நான் எத்தனை தரம் பெருமையடித்திருக்கிறேன். மனப்பாடத்தையே வாசிப்பு என்று எண்ணிவிட்டோமே! அன்றைக்குப் படுக்கிறபோது, "ஆண்டவரே, என் கண்ணைத் திறந்துட்டீர். பிள்ளை கண்ணையும் கொஞ்சம் பழக்கிக் கொடும்," என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மறுநாளே பாடத்தை ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் அது ஒரு சின்னப் பட்டம். அந்தப் பட்டம் கொடுத்த தைரியத்தில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினேன். அவளும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். வரிக் கடைசிக்கு வரும்போது வரியின் முதல் சொல் அவளுக்கு மறந்திருக்கும். "திரும்ப முதல்ல இருந்து வாசி," என்பேன். மறுபடியும் அதே கதை. நாலாம் நாள் அவளுக்குத் தலைவலி, எனக்குத் தொண்டைவலி.

வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, நீ பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்கியா, கல்லு உடைக்கச் சொல்லிக் குடுக்கியா?"

"பின்ன என்ன செய்ய? சும்மா விட்டுரச் சொல்லுதீங்களா?"

"மத்தியானம் கடைக்குக் கூட்டிட்டு வா. காத்தாவது கிடைக்கும்."

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்தது. சின்னப் பெட்டிக்கடைதான். கோடையில் நன்னாரி சர்பத், எல்லாக் காலத்திலும் வறுத்த கடலை. மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோவேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலைசாய்க்கப் போவார், நாலு மணிவரை கடை என் பொறுப்பு. அப்படித்தான் அந்த லீவில் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடு கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

முதல் நாளே ஒரு சம்பவம். கூடையில் இரண்டு கோழியோடு ஓர் அம்மாள் வேகுவேகென்று வந்து என் மகளிடம் கேட்டாள்.

"தாயி, அந்தா திரும்புதே, அது கரிவலத்துக்குப் போற பஸ்ஸா?"

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. என் மகள் அதைப் பார்த்து ஆரம்பித்தாள். "க... ரி... வ... ல..." கரிவலம்வந்தநல்லூர் என்பது சின்னப் பெயரா? அவள் பாதி வருவதற்குள் பஸ் திரும்பி, விசில் ஊதி, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

"நல்ல பிள்ள போ! நீ எழுத்தை முடிக்கதுக்குள்ள பஸ்ஸு ஊருக்கே போய்ச் சேந்துருக்கும்," என்றாள் அந்த அம்மாள். சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கோழிகள்கூட ஏதோ சொல்லின. நான் அந்த அம்மாளுக்கு ஒரு சர்பத் கலந்து கொடுத்து அடுத்த பஸ்வரை உட்கார வைத்தேன்.

என் மகள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போகும்வரை பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் நான் சொல்லாமலேயே கடை ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். ஒரு வாரம் ஆகியிருக்கும். "சிவகிரி! ராயகிரி! கரிவலம்வந்தநல்லூர் வழி ராஜபாளையம்!" என்று பஸ் வர வரக் கண்டக்டரைப் போலக் கூப்பாடு போட்டாள். நான் கடலை வறுக்கிற இடத்திலேயே கையைக் கூப்பி ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. ஒரு மத்தியானம் அவள் "ராயகிரி!" என்று கத்துகிறாள். நான் எட்டிப் பார்த்தால், பஸ் இன்னும் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. பலகை தெரிய வழியில்லை.

"போர்டே தெரியலையே, எப்படிட்டி வாசிச்ச?"

"போர்டை எதுக்கும்மா வாசிக்கணும்? மீசை வச்ச டிரைவரு வந்தா ராயகிரி. கண்ணாடில கீறல் விழுந்த வண்டி சிவகிரி. ஹாரன் அடிக்காம வந்தா கரிவலம்."

மறுபடியும் மனப்பாடம்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கையிலிருந்த சர்பத் தம்ளர் ததும்பி என் காலில் கொட்டியது. அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. இரண்டு தரம் வருகிற எதையும் இந்தப் பிள்ளை மண்டைக்குள் போட்டுப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு கண்ணுக்கு வேலை கொடுக்காது. அப்படியானால் இவளுக்கு இரண்டாம் தரம் வராத ஒன்று வேண்டும். அதற்கு நான் எங்கே போக?

யோசித்துக்கொண்டே கடலைக்குப் பொட்டலம் மடித்தேன். மடித்த கை அப்படியே நின்றது.

பழைய தாள்! எடைக்கு வாங்கிப் போடுகிற கட்டு கடை மூலையில் எப்போதும் என் இடுப்பு உயரத்துக்குக் கிடக்கும். தினசரித்தாள், வாரப் பத்திரிகை, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள், கிழிந்த பஞ்சாங்கம், விளம்பர நோட்டீஸ் எல்லாம் அதில் உண்டு. ஒரு தாள் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒரு தரம் கடலையோடு போனால் திரும்பி வராது.

"இன்னைல இருந்து நம்ம கடைல ஒரு சட்டம்," என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "படிக்காத தாள்ல கடலை மடிக்கக் கூடாது. மடிக்கதுக்கு முன்னால அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லணும்."

"பூராவுமா?" என்று கேட்டாள் பெரியவள். முகம் வாடிவிட்டது.

"பொட்டலத்துக்குக் கிழிக்கிற துண்டு எவ்வளவோ அவ்வளவு."

உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் அந்தத் துண்டு. முழுப் பக்கத்தைக் கண்டால் மலைத்துப்போகிற பிள்ளை, துண்டைக் கண்டால் மலைக்கவில்லை. ஆனால் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்களே! சிவகிரி பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வாடிக்கை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பொட்டலம் கடலை வாங்குவார். இரண்டாம் நாளே சத்தம் போட்டார்.

"ஏ பிள்ள, நான் கடலை கேட்டனா, கதாகாலட்சேபம் கேட்டனா? வண்டி கிளம்புது!"

"இருங்க மாமா. மாடு கிணத்துக்குள்ள கிடக்கு."

"எந்த மாடு?"

"இந்தத் தாள்ல. இன்னும் வெளிய எடுக்கல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மாடு வெளியே வரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவள் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து தினமும் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு சொல்லில் தட்டிவிட்டால் அவள் கண் உடனே வரியின் தொடக்கத்துக்கு ஓடிவிடும். எதையோ விட்டுவிட்டோம் என்று ஒரு பயம். வீட்டில் குச்சியை வைத்துக்கொண்டு, "திரும்ப முதல்ல இருந்து," என்று அந்தப் பயத்தை ஊட்டியதே நான்தான். கட்டுக்குள் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று கெட்டி அட்டை. அதை எடுத்து அவள் வாசித்து முடித்த சொற்களின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தேன்.

"எம்மா! மறைச்சிட்டீங்களே!"

"போனது போகட்டும், மக்கா. நீ முன்னால பாரு."

முதல் இரண்டு நாள் அட்டையோடு மல்லுக்கட்டினாள். பிறகு அது ஓடிப்பிடிக்கிற விளையாட்டாகிவிட்டது. அட்டை வந்து மூடுவதற்குள் சொல்லைப் பிடிக்க வேண்டும். எழுத்தெழுத்தாகப் பிடித்தால் அட்டை ஜெயித்துவிடும். சொல் முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்தால் இவள் ஜெயிப்பாள். என்னையறியாமலேயே நான் அட்டையை வேகமாக நகர்த்த ஆரம்பித்திருந்தேன். அவளும் அதற்கு ஈடுகொடுத்தாள்.

இதைப் பார்த்துச் சின்னவளுக்குப் பொறாமை. "எனக்கு அட்டையே வேண்டாம்," என்று ஒரு துண்டை எடுத்து மூச்சுவிடாமல் வாசித்துக் காட்டினாள்.

"என்ன இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"ம்... ஒரு ஆளு."

"ஆளு என்ன செஞ்சான்?"

"ஏதோ செஞ்சான்மா."

பெரியவள் அந்தத் துண்டை வாங்கினாள். மெதுவாகத்தான் வாசித்தாள். சின்னவள் அதற்குள் இரண்டு கடலை உரித்துத் தின்றுவிட்டாள். வாசித்துவிட்டுப் பெரியவள் சொன்னாள்: "தோட்டத்துல எலுமிச்சங்காயைத் திருட வந்த ஆளு, முள்ளு குத்திக் கத்திப்புட்டான். தோட்டக்காரரு ஓடிவந்து முதல்ல முள்ளை எடுத்துவிட்டுட்டு, பிறகு போலீசுல பிடிச்சுக் குடுத்துருக்காரு." சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்து, "நீ வாசிக்கத்தான் செய்த. கேக்கவே இல்ல," என்றாள்.

வாசிப்பதைக் கேட்பதா? ஆமாம், அவளுக்கு அப்படித்தான். டீச்சர் சொன்ன அந்த நல்ல காது வீணாகப் போகவில்லை. கண் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளக் காது தயாராக நின்றது. இவ்வளவு நாளும் கண்தான் ஒன்றும் கொண்டுவரவில்லை. அன்றிலிருந்து சின்னவளுக்கும் சட்டத்தைக் கெடுபிடியாக்கினேன். வேகமாக வாசித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் நின்றால் அவளுக்கு மிட்டாய் கிடையாது. பல்லுக்கும் நல்லதாயிற்று.

மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்கூட இல்லை. வாரப் பத்திரிகைக் கதை ஒன்றின் பக்கம் பெரியவள் கையில் அகப்பட்டது. தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மருமகளிடம் கொடுக்கிறார். மருமகள் பதறிப்போய் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். மாமியார் உழக்கை எடுத்துக்கொண்டு அரிசி அளக்க வருகிறாள். பானைக்குள் கையை விடுகிறாள். அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது.

"எம்மா, அடுத்த பக்கம் எங்க?"

கட்டைக் கலைத்துப் பார்த்தோம். இல்லை. அப்போதுதான் சின்னவள் மெல்லச் சொன்னாள்: "மேல இருந்த தாள்லதான் கண்டக்டர் மாமாக்கு மடிச்சுக் குடுத்தேன்."

"படிக்காமயா மடிச்ச?"

"வண்டி கிளம்பிட்டுன்னாங்க..."

பெரியவள் ஓடினாள். சிவகிரி பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து கடலைச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள். சர்பத் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ஒரு கடலைப் பொட்டலத் தாளுக்காக இவ்வளவா என்று ஒருபக்கம் தோன்றியது. இன்னொருபக்கம் உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். வாசிக்கச் சொன்னால் தலைவலி வருகிற பிள்ளை, வாசிக்கக் கிடைக்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது! அதை எப்படி அவளிடம் சொல்வது?

சிவகிரி பஸ் திரும்பி வந்தபோது வெயில் சற்றுச் சாய்ந்திருந்தது. இறங்கின கண்டக்டரை வழிமறித்தாள்.

"மாமா, பேப்பரு எங்க?"

"எந்தப் பேப்பரு?"

"கடலை மடிச்ச பேப்பரு."

"தின்னுட்டுப் போட்டாச்சுட்டி. கடலையைத் திருப்பிக் கேக்காம விட்டியே, அதுவரைக்கும் சந்தோசம்."

"எங்க போட்டீங்க?"

"வண்டிக்குள்ளதான் எங்கனயாவது கிடக்கும்."

அவ்வளவுதான், பஸ்ஸுக்குள் ஏறிவிட்டாள். இறங்குகிறவர்களின் காலுக்கிடையே மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே தேடினாள். கடைசியில் பாவாடையெல்லாம் தூசியாகப் படிக்கட்டில் வந்து நின்றாள். கையில் கசங்கிப்போன அந்தத் தாள். ஏற நின்றவர்கள் கத்தினார்கள்.

"ஏ பிள்ள, ஏறுதியா, இறங்குதியா?"

அவள் காதில் அது விழவில்லை. படிக்கட்டிலேயே நின்று, தாளைத் தொடையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, வாசித்தாள். அட்டை இல்லை. விரல் இல்லை. வாய்கூட அசையவில்லை. கண் மட்டும் ஓடுகிறது. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைச் சட்டியில் கரிந்த வாடை வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

"எம்மா!" அங்கிருந்தே கத்தினாள். "அது மருமவளுக்கு வந்த லெட்டரே இல்லம்மா! மாமியாளுக்கு வந்ததாம்! இவ படிக்காமலேயே பயந்து ஒளிச்சு வச்சிருக்கா!"

விசிலை வாயில் வைத்திருந்த கண்டக்டர் அதை வெளியே எடுத்தார். "அப்புறம் மாமியா என்ன சொன்னா?"

"இருங்க மாமா, வாசிக்கேன்."

ஏற நின்றவர்களில் யாரும் அதற்குமேல் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்குச் சிவகிரி வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் புறப்பட்டது. காரணம் என்னவென்று அதிகாரிகள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவளை முதல் மார்க் வாங்க வைக்க வேண்டாம். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம்," என்று பேரம் பேசினேன். பேரம் பேசுவது தப்புத்தான். கடைக்காரியின் ஜெபம் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

பெரிய சார் அறை வாசலில் நான் நின்றேன். உள்ளே டீச்சர் சுவரோரமாக நின்றார்கள். பெரிய சார் ஒரு புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். என் மகள் இடுப்பில் செருகியிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள்.

"இது என்னது?"

"படிச்சதை மறைக்கதுக்கு சார்."

"படிச்சதை மறைச்சிட்டா பின்ன எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அதுதான் காதுக்குள்ள போயிட்டே சார்."

பெரிய சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்கள்.

வாசித்தாள். பஸ் படிக்கட்டில் ஓடிய மாதிரி ஓடவில்லை. பெரியவர் முன்னால் நிற்கிற பயம். நாலு இடத்தில் தட்டினாள். ஓரிடத்தில் நின்றேவிட்டாள். கண் பின்னால் ஓடப் பார்த்தது, அட்டை விடவில்லை. முன்னால் போனாள். பக்கம் முடிந்ததும் பெரிய சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வேகம் போதாதும்மா."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, என்ன வாசிச்ச? சொல்லு," என்றார்.

"ஒரு ஆத்துல வெள்ளம் சார். ஓடக்காரரு எல்லாரையும் ஏத்திட்டாரு. ஒரு ஆளு மட்டும் பெரிய மூட்டையோட வாரான். பாரம் தாங்காது, மூட்டையைக் கரையில வச்சிட்டு ஏறுன்னு ஓடக்காரரு சொல்லுதாரு. அவன் மாட்டேங்கான். இருட்டப் போகுதுன்னு மத்தவங்க எல்லாரும் ஏசுதாங்க. அவன் மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான் சார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு இந்தப் பக்கத்துல இல்ல. அடுத்த பக்கத்தைத் திருப்பட்டுமா சார்?"

பெரிய சார் புத்தகத்தை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். நான் பயந்தேன். பிறகு, "திருப்பு," என்றார்.

அவள் திருப்பி, யாரும் கேட்காமலேயே வாசிக்க ஆரம்பித்தாள். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ரிஜிஸ்டரை இழுத்து எதையோ எழுதினார். டீச்சர் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்கள். கை சில்லென்று இருந்தது.

"ஆறாம் வகுப்பு. ஆனா தினம் ஒரு பக்கம் வாசிக்கணும், என்ன?" என்றார் பெரிய சார். என் மகள் நிமிரவில்லை. மூட்டையை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் தங்கையிடம் ஓடி, "நீ அஞ்சு! நான் ஆறு!" என்று இரண்டு கை விரலையும் காட்டினாள். பெஞ்சு போச்சே என்று சின்னவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த கோடையில் எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். தாள் மடிக்க ஆள் பஞ்சமில்லாமல் போயிற்று. அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான் அல்ல, என் பெரியவள்.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போன அன்றைய சாயங்கால ஜெபத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். மதினி வந்துபோன பிறகு வீட்டுக்காரர் ஒழுங்கை மாற்றியிருந்தார். யார் எங்கே உட்காருவது, யார் முதலில் வாசிப்பது என்பதெல்லாம் வேதத்தைத் திறந்த பிறகுதான் சொல்லுவார். இரண்டு மாதமாகப் பெரியவளை ஒரு நாளும் முதலில் விடாதவர், அன்றைக்கு, "முதல் வசனம் நீ," என்றார்.

அட்டையை வைத்து வாசித்தாள். முதல் வசனத்திலேயே இரண்டு இடத்தில் தடுக்கினாள். வருஷக்கணக்காகத் தடுக்காமல் கேட்ட குரல் அது. அந்தத் தடுக்கலைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். முடித்துவிட்டு வழக்கம்போல அடுத்தவருக்கு விடாமல், தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, இந்த வசனத்துல வார ஜனங்க எதுக்கு வந்த வழியே திரும்பிப் போனாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அதிகாரத்தை எத்தனை தரம் சுற்றி வாசித்திருப்போம்? ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"அடுத்த வசனத்துல இருக்கும் மக்கா," என்றார் அவர். "வாசி."

அவள் வாசித்தாள். அதிலும் இல்லை. அதற்கடுத்ததையும் வாசித்தாள். பிறகு அதற்கடுத்ததையும். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அவள் விரல் அட்டையைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எம்மா," என்றாள் சின்னவள். "என் வசனத்தையும் அவளே வாசிக்கா."